வெள்ளைத்துரை கட்டிய மதில்

போடிமெட்டுக்கு மேலே இருந்த ஏலத்தோட்டத்து பங்களாவில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடத் தொடங்கியதிலிருந்து ஞானசெல்விக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. காலைக் காப்பி முடிந்ததும் வந்தவர்களைப் பின்பக்கம் கூட்டிப்போவாள். அங்கே உயரமான கல்மதிலுக்குள் பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் பாத்திகள்.

"இது வெள்ளைத்துரை கட்டினது. நூத்தி முப்பது வருசமாச்சு" என்று ஆரம்பிப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் சொன்னது முதல் வாக்கியம் மட்டும்தான். மற்றதெல்லாம் அவளாகச் சேர்த்தது. பின்மதிலில் ஓரிடத்தை மட்டும் வேறு நிறக் கல்லால் அடைத்திருந்தார்கள். "துரையோட சம்சாரம் பூப்பறிக்க வர்ற வாசல். அந்தம்மா சீமைக்குப் போனதும் அடைச்சிட்டாரு" என்பாள். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

இந்த வருசம் போடியில் சொல்லிப் பலகையே எழுதி வாங்கிவிட்டாள்: 'ஆங்கிலேயத் துரை அமைத்த காய்கறித் தோட்டம், 1890.' ஜீப்பில் வந்து இறங்கிய பலகையை, பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்த தோட்டக்காரி அன்னக்கொடி எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆங்கிலேயரா? யம்மா, வெள்ளைத்துரைங்கறது எங்க மாமனாரு பேரு! தேவாரத்துக் கொத்தனாரு."

"அப்ப அந்தத் துரை?"

"எந்தத் துரையும் இல்ல. ஒங்க மாமனாரு போட்ட கோசு பூராத்தையும் காட்டுமாடு தின்னுருச்சு. கோவத்துல எங்க மாமனாரக் கூப்பிட்டு மதிலு வைக்கச் சொன்னாரு. எழுவத்தாறுல. மஞ்சு மூடிக் கெடந்த சாயங்காலம் கடைசிக் கல்ல வச்சு, கதவச் சாத்திட்டு எல்லாரும் எறங்கிட்டாக. விடிஞ்சு பாத்தா மாடு உள்ள நிக்கிது!"

"உள்ளயா?"

"உள்ளதான். மஞ்சுல அது நின்னது ஒருத்தரு கண்ணுக்கும் தெரியல. கதவுகிட்ட ஆளுக நிக்கவும் வரமாட்டேன்னுருச்சு. பெறகு பின்னால செவத்த இடிச்சு வெளிய விட்டாக. அதத்தான் நீங்க என்னமோ பூப்பறிக்கிற வாசல்ங்கறீக."

ஞானசெல்விக்கு முகமெல்லாம் சுட்டது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! மதியம் சாப்பிட வந்த கணவன் எபினேசரைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். நீ அவ்வளவு ரசிச்சுச் சொன்ன, அதான் விட்டுட்டேன்."

அன்று அவனுக்கு மீன்குழம்பு கிடையாது. வெறும் ரசம்.

பலகை திரும்பவும் ஜீப்பேறிப் போடிக்குப் போய், 'கட்டியவர்: கொத்தனார் வெள்ளைத்துரை, தேவாரம், 1976' என்று வந்தது. சனிக்கிழமை மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பழைய வாயால் புதுக்கதை சொல்ல ஞானசெல்விக்குக் கூச்சம். "நீங்களே சொல்லுங்கக்கா" என்று அன்னக்கொடியை முன்னால் தள்ளினாள்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அன்னக்கொடி ஆரம்பித்தாள். மாடு முறைத்ததையும் கொத்தனார் கொய்யாமரத்தில் ஏறியதையும் நடித்தே காட்டினாள். மதுரைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஞானசெல்வி கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பீன்ஸ் பறிக்கப் போனாள். பனியில் நனைந்த காய்கள் விரலுக்குச் சில்லென்று இருந்தன. இந்தச் சோலியும் நன்றாகத்தான் இருக்கிறது என்று பட்டது அவளுக்கு.