எத்திராஜுக்காக விழுந்தவள்

செயற்கைக் கால் பொருத்திக்கொண்ட நாளிலிருந்து முத்தாபுதுப்பேட்டை எத்திராஜ் தடுக்கினால், விழுவது அவன் மனைவி வேம்புலியம்மாள். அவன் வாசற்படியில் தடுமாறுவான்; உடம்பு தானாக நிமிர்ந்துகொள்ளும். அதே நொடியில் அவள் பஸ்ஸில் நின்றாலும், அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் மெஷின் முன்னால் இருந்தாலும், தரையில் கிடப்பாள்.

செம்பரம்பாக்கத்துக் கிடங்கு ஒன்றில் இரும்புச் சுருள் உருண்டு வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவன் எத்திராஜ். புதுக் கால் வந்த வருடம் முழுக்க, மாங்காடு கோயில்வரைகூடத் தனியாகப் போய்வந்தான். ஒரு முறைகூட விழவில்லை என்று டீக்கடையில் பெருமை அடித்துக்கொண்டான். அந்த வருடத்தில் வேம்புலியம்மாளின் மணிக்கட்டு உடைந்தது, முன்பல் போனது, மயக்கக்காரி என்று கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். "ஒடம்புல ரத்தம் இல்லம்மே, கீரை துன்னு" என்று அவளுக்குப் புத்தி சொன்னான்.

விழும் அபாயம் எவ்வளவு என்று பார்க்க கால் பொருத்திய பூந்தமல்லி மையத்துக்கு அவனை வரச்சொன்னார்கள். "இந்த வருஷத்துல எத்தனை வாட்டி விழுந்தீங்க?" என்று கேட்டாள் பயிற்சியாளர் ஷோபனா. இல்லவே இல்லை என்றான். கண்ணை மூடி நிற்கவைத்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து நடந்து திரும்பிவரச் சொன்னாள். திரும்பும்போது பாதம் உரசியது, சாய்ந்தான், நிமிர்ந்தான். கூட வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேம்புலியம்மாள் தடாலென்று விழுந்தாள். மறுபடி நடந்தான், மறுபடி அதே சத்தம். அதற்கப்புறம் அவன் அசையவில்லை. முழங்கையைத் தேய்த்துக்கொண்டு அவள் பெஞ்சில் ஏறி உட்காருவதைக் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தபடி நின்றான்.

அவளையும் சோதித்தார்கள். கால், கண், காது எல்லாம் நன்றாகவே இருந்தன. அவன் செயற்கைப் பாதத்தின் சாய்வைத் திருத்தினார்கள். தடுக்கல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. "உங்களுக்கு அபாயம் ரொம்பக் கம்மி சார்" என்றாள் ஷோபனா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

எத்திராஜ் காலைக் கழற்றிப் பரணில் போட்டான். குளியலறைக்குக்கூடக் கைகளை ஊன்றித் தவழ்ந்தான். மழைக்காலம் முழுக்க அவள் விழவில்லை. தை பிறந்து ஒரு மதியத் தூக்கத்தில், போன கால் திரும்பிவந்து ஏரிக்கரையில் ஓடினான். கல் தடுக்கியது. அடுப்படியில் வேம்புலியம்மாள் கொதிக்கும் சோற்றுப் பானையோடு விழுந்தாள்.

"நான் செத்துப் பூட்டா நீ நல்லா இருப்பம்மே" என்று அழுதான்.

தொடையில் கட்டோடு படுத்திருந்தவள் சொன்னாள்: "அழுவாத. நீ கனவுல நடந்தா எனுக்கு எப்புடித் தெரியும்? காலை மாட்டிகினு நட. எய்ந்துக்கறப்போ ஒரு கொரலு குடு."

"குடுத்தா இன்னா பண்ணுவ?"

"மின்னாடியே படுத்துக்குறேன்."

அதிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. அவன் குரல் கொடுப்பான். அவள் கையிலிருப்பதை வைத்துவிட்டு, குழாயடி என்றால் குழாயடியிலேயே, மல்லாந்து படுத்துவிடுவாள். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தோடு அவளைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். எத்திராஜ் எங்கேயோ கிளம்பிவிட்டான்போல என்று பேசிக்கொள்கிறார்கள்.