முதல் நாளே அடித்த தீர்மானம்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு ஜெராக்ஸ் கடை. சிறுவாச்சூர் கோயிலுக்கு வந்தவன் ஆதார் நகல் எடுக்க நுழைந்தேன். கரண்ட் இல்லை. காத்திருந்தபோது கடைக்காரப் பெண் சொன்னார்: "நடக்காத கூட்டத்துக்கு மொத நாளே தீர்மானம் அடிச்சுக் கொடுத்தவ சார் நான்." அதற்குள் கரண்ட் வந்துவிட்டது, ஆள் சேர்ந்துவிட்டது. மிச்சம் நான் கட்டியது. அவருக்குப் பானுப்ரியா என்றும், ஊருக்கு வெண்ணேரி என்றும் பெயர் வைக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'வெண்ணேரி வயல்களில் மக்காச்சோளம் பொன்னாய்…'

வேண்டாம். அது படைப்புழு தின்ற வருஷம்.

இரண்டாவது: அக்டோபர் ஒன்றாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு, ஊராட்சி கிளார்க் குழந்தைவேல் ஒரு கைப்பிரதியோடு பானுப்ரியாவின் கடைக்கு வந்தார். (இது நிற்கும்.)

அவள் அடிக்க ஆரம்பித்தாள். ஊரில் வரப்போகிற திட்டத்தை வரவேற்கும் தீர்மானம்: சரக்கு விமானம் இறங்க ஓடுதளம், அதையொட்டி வரிசையாகக் குடோன்கள். 'மேற்படி இடத்தருகே குடியிருப்பு ஏதும் இல்லாததாலும், இன்று கூடிய கிராம சபை ஏகமனதாக வரவேற்பதாலும்…'

விரல் நின்றது. அந்த இடத்தை ஒட்டித்தான் ஏரிக்கரைத் தெரு. நூற்று நாற்பது வீடு. அதில் ஒன்று அவளுடையது.

"அண்ணே, கூட்டம் நாளைக்குத்தானே? இன்றுன்னு இருக்கு."

"நாளைக்குப் படிக்கிறப்ப அது இன்னிக்குத்தானே. அடிம்மா."

அவள் கடைக்கு வரும் வேலையில் பாதி ஊராட்சி ஆபீஸ் வேலை. ஓர் எழுத்தும் மாற்றாமல் அடித்தாள். இரண்டு காப்பி எடுத்து, ஒன்றை மட்டும் அவரிடம் நீட்டினாள்.

3

[அவள் கணவன் கலையரசனை முதலில் குடிகாரனாக எழுதியிருந்தேன். எனக்குச் சௌகரியமாக இருந்தது. அடித்துவிட்டேன்.]

அவன் லோடு வண்டி ஓட்டுகிறவன். குடோன் வந்தால் வண்டிக்கு வேலை தருவதாக அவனிடம் சொல்லியிருந்தார்கள்.

"தினம் ட்ரிப்பு இருக்கும் பானு. நீ குறுக்க நிக்காத."

"இங்க வூடே இல்லன்னு எழுதியிருக்காங்க. ட்ரிப்பு முடிச்சுட்டு எங்க திரும்பி வருவ?"

அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவனுக்காக நான் ஒரு பதில் எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை.

அவள் காப்பியை எடுத்துக்கொண்டு கண்ணகியிடம் போனாள். நூறுநாள் வேலையில் ஆட்களுக்கு வருகை எடுப்பவள் கண்ணகி. யார் எந்த வீடு என்று மனப்பாடம். இருட்டுவதற்குள் இருவரும் கூட்டத்துக்கு வரச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டார்கள்.

4

எப்போதும் முப்பது பேர் வரும் கிராம சபைக்கு முந்நூறு பேர் வந்தார்கள். குழந்தைவேல் கையெழுத்து நோட்டைச் சுற்றுக்கு விட்டார். அது கண்ணகியின் மடியில் நின்றது.

"மொதல்ல படிங்க. அப்புறம் போடுறோம்."

பானுப்ரியா எழுந்தாள். கையில் அந்த இன்னொரு காப்பி. "நான் படிக்கிறேன். நேத்து நாலு மணிக்கு நான்தான் இத அடிச்சேன்."

'குடியிருப்பு ஏதும் இல்லாததாலும்' என்று வந்தபோது ஏரிக்கரைத் தெரு முழுக்க எழுந்து நின்றது. யாரும் கத்தவில்லை. "அப்ப நாங்கள்லாம் யாரு சார்?" என்று மட்டும் ஒரு குரல் கேட்டது. யூனியன் ஆபீசிலிருந்து வந்த அதிகாரி குழந்தைவேலைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

[திட்டம் வேண்டாமென்று கலையரசன் முதல் ஆளாகக் கை தூக்குவதாக ஒரு வரி எழுதி, எடுத்துவிட்டேன். அவன் தூக்கவில்லை. கடைசி வரிசையில் நின்றான். ஆனால் கிளம்பிப் போகவில்லை.]

புதுத் தீர்மானத்தை எல்லார் கண்முன்னும் நோட்டில் கையால் எழுதினாள் பானுப்ரியா: எங்களுக்கு இது வேண்டாம். இருநூற்று எண்பத்தேழு கையெழுத்து.

5

திட்டம் ரத்தானதாக ஒரு முடிவு எழுதினேன். வேலி போட்டுவிட்டதாக இன்னொன்று. இரண்டையும் கிழித்தேன். அவர்கள் மறுபடி கூடுமுன்பே நான் முடிவை அடித்து வைத்தால், எனக்கும் குழந்தைவேலுக்கும் என்ன வித்தியாசம்?

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். திட்டத்துக்காக அளந்து நட்ட சர்வே கல் இன்னும் அப்படியே இருக்கிறது. ஊராட்சி வேலை இப்போது வேறு கடைக்குப் போகிறது. இன்று பதினோரு மணிக்குப் பெரம்பலூரில் இந்தத் திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம். கலையரசன் வருவானா, தெரியாது. ஊர் முக்கில் பஸ் நிரம்பிவிட்டது. படியில் நிற்கும் கண்ணகி உள்ளே பார்த்துச் சத்தம் போடுகிறாள்:

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இன்னும் ஆள் வருது."