கண்ணாடிக்குள் இருந்த காற்று

அறுநூற்று நாற்பது மார்க்கா. ஆர்வி கெர்ட்டுவுக்குத் தர வேண்டிய பாக்கி அது. தொண்ணூற்று நான்காம் வருஷத்துப் பாக்கி. அதற்குப் பிறகு மார்க்கா என்ற எங்கள் வடதேசத்துப் பணமே செத்துப்போய், யூரோ வந்து, அதுவும் பழசாகிவிட்டது. பாக்கி மட்டும் சாகவில்லை. இருவர் வீடும் ஒரே மண்சாலையில் முந்நூறு மீட்டர் இடைவெளியில்தான். பார்த்தால் தலையசைப்பார்கள், பனியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள். பாக்கிக்குக் காரணமான அந்தக் கார் ஜன்னல் கண்ணாடியைப் பற்றி மட்டும் இருபத்தைந்து வருஷம் வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு விஷயத்தைப் பேசாமலிருக்கச் சண்டை எதுவும் வேண்டியதில்லை.

கெர்ட்டு தபால்காரி. சொந்தக் கார் சாப் 96, வெளிர்பச்சை, அதில்தான் காட்டுச்சாலையெல்லாம் தபால் போட்டாள். எங்கள் பக்கம் வண்டிகள் வலப்பக்கம் போகும், ஸ்டீயரிங் இடப்பக்கம். பெட்டிகள் இடப்பக்கம் இருந்ததால் சாலையின் தப்பான பக்கமே ஓட்டிக்கொண்டு போய், ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கையை நீட்டிப் போட்டுவிட்டு, ஏற்றிக்கொண்டு போவாள். நூற்றுப் பதினான்கு பெட்டி. ஒருநாள் பனி தள்ளும் வண்டி தெறித்த கல்லில் அந்தக் கண்ணாடி போயிற்று. புதுசு ஒன்றை ஊரிலிருந்து அறுநூற்று நாற்பது கொடுத்து வாங்கி வந்தாள். மர ஆலையில் ஆள் குறைத்தபோது வேலை போய்ச் சும்மா இருந்தவன் ஆர்வி. “நான் மாட்டித் தர்றேன், கூலி வேணாம்” என்றான்.

அது ஜனவரி. ரப்பர் விறகு மாதிரி விறைத்திருந்தது. கண்ணாடியின் கீழ் விளிம்பு வாய்க்கால் மாதிரி வளைந்த ஒரு இரும்புப் பாத்திக்குள் இறங்க வேண்டும், நடுவில் ரப்பர். இறங்கவில்லை. சுத்தியலால் மூலையில் ஒரு தட்டு தட்டினான். இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டில் கண்ணாடி உடைந்ததென்று சொல்ல முடியாது. மூட்டையிலிருந்து கற்கண்டைக் கொட்டினது மாதிரி அவன் மடியில் கொட்டியது. கை மட்டும் அந்தரத்தில் நின்றது.

“காசு குடுத்துடறேன்.”

“ம்” என்றாள் கெர்ட்டு.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஜன்னலில் திருகாணி போட்ட பிளாஸ்டிக் தகடுதான். இறக்க முடியாது. ஒவ்வொரு பெட்டிக்கும் கதவைத் திறந்து, மூடி, திறந்து, மூடி. மைனஸ் முப்பதில் நூற்றுப் பதினான்கு முறை. விடியும் முன்னே அந்தக் கதவுச் சத்தம் ஆர்வியின் வீட்டுக்குக் கேட்கும். அவன் போர்வைக்குள் படுத்தபடி எண்ணுவான். அறுநூற்று நாற்பதைவிட அந்தச் சத்தம்தான் அவன் மேல் ஏறி உட்கார்ந்தது.

மறுவருஷம் தபால் இலாகா அவளுக்கு வேறு வண்டி கொடுத்தது. சாப் கொட்டகைக்குள் போனது.

போன இலையுதிர்காலத்தில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கெர்ட்டு அதைப் பழங்கால வண்டியென்று, அருங்காட்சியக வாகனமாகப் பதிய ஆள் வரவழைத்தாள். வந்த பரிசோதகர் பிளாஸ்டிக் தகட்டை நகத்தால் டக் டக்கென்று தட்டிப் பார்த்து, “இது இருக்கிற வரைக்கும் கிடையாதும்மா” என்று எழுதிவிட்டுப் போனார். ஆர்வி அப்போது வேலியோரம் நின்றிருந்தான். அன்றைக்கே தேட ஆரம்பித்தான். எந்தக் கடையிலும் இல்லை. கடைசியில் காட்டுக்குள், பண்ணைக்காரன் ஒருவன் போட்டு மறந்த அதே மாதிரிச் சாப் ஒன்று கிடைத்தது. அதன் எஞ்சின் வழியாக ஒரு பிர்ச் மரம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. இடது கதவின் கண்ணாடி கீழே இறக்கப்பட்டு, கதவின் வயிற்றுக்குள் பத்திரமாக இருந்தது. பண்ணைக்காரனுக்கு ஒரு மூஸ் மான் தொடை கொடுத்து அதை வெளியே எடுத்தான்.

இது உடைந்தால் கொடுக்க அவனிடம் இனி எதுவும் இல்லை. உலகத்திலேயே இன்னொன்று இருக்கிறதா என்பதும் தெரியாது.

மே மாதம், சனிக்கிழமை காலை. ஏரியில் வலையை எடுத்துவிட்டு, நெற்றியில் மீன்பிடிக்கப் போகும்போது போடும் கறுப்புக் கண்ணாடி ஏறியிருக்க, கம்பளியில் சுற்றிய பொதியைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு ஆர்வி கெர்ட்டுவின் வாசலில் வந்து நின்றான்.

“கொண்டு வந்திருக்கேன்.”

“என்னத்தை?”

“உன் ஜன்னலை.”

கெர்ட்டு பொதியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “தாமதமா வந்த தபால்” என்றாள். “உள்ளே வந்து காப்பி குடி.”

காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் முடிந்தன. பிறகு அவன் கண்ணாடியை முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சோப்புத் தண்ணீரில் கழுவினான். பாசி போயிற்று, மண் போயிற்று. விளிம்பில் எங்காவது சில்லு பெயர்ந்த சிதறல் இருக்கிறதா என்று பார்க்க, வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். வெயில் பக்கவாட்டில் அடித்துக் கண் கூசியது. மீன்பிடிக் கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டான். தண்ணீரின் மினுக்கம் போய் அடியில் இருக்கும் மீன் தெரிய வேண்டும் என்று வாங்கினது அது.

கையில் இருந்ததைக் கீழே போடாமல் விட்டானே, அதுவே பெரிசு.

வெறும் கண்ணாடி முழுக்கப் புள்ளிகள். வரிசை வரிசையாக, நீலமும் ஊதாவுமாக, புள்ளி விழுந்த ஏரி மீனின் முதுகு மாதிரி. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான், ஒன்றுமில்லை, பச்சைத் தண்ணீராய்த் தெளிந்திருந்தது. போட்டான், மறுபடியும் புள்ளிகள். சற்றுச் சாய்த்தான், புள்ளிகள் நிறம் மாறின.

“கெர்ட்டு! இங்க வா. இதுக்கு ஏதோ நோய் வந்திருக்கு!”

“கண்ணாடிக்கு நோயா? உனக்குத்தான் வந்திருக்கும்.” அவள் கையைத் துடைத்தபடி வந்து, அவன் மூக்கிலிருந்ததைப் பிடுங்கித் தன் மூக்கில் மாட்டினாள். வெகுநேரம் பார்த்தாள். “அக்கா சொல்லியிருக்கா” என்றாள் மெதுவாக. அவள் அக்கா தெற்கே கண்ணாடித் தொழிற்சாலையில் இருந்தவள். “கார் கண்ணாடியை அடுப்புல செக்கச்செவேல்னு காய வச்சு வெளிய எடுப்பாங்களாம். எடுத்த உடனே நூறு குழாயில இருந்து ஒரே சமயத்துல குளிர்காத்து ஊதுவாங்களாம். மேல்தோல் படக்குன்னு இறுகிடும். உள்ளே இன்னும் இளகிக் கிடக்கும். அப்புறம் உள்ளே இருக்கிறது ஆறி ஆறி மேல்தோலை உள்ளுக்கு இழுத்துக்கிட்டே இருக்குமாம், ஆயுசு பூரா. அதான் அவ்வளவு பலம். உடைஞ்சா ஒண்ணும் மிஞ்சாதது அதனாலதான்.”

“அப்ப இந்தப் புள்ளி?”

“குழாயோட வாய்தான். காத்து பட்ட இடம்.”

ஆர்வி கண்ணாடியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் ஊதிய காற்று, இன்னும் அதற்குள்ளேயே நிற்கிறது. அவன் வாழ்நாளெல்லாம் பலகை சுமந்தவன். மரத்துக்குள் வளையம் இருக்கும், வருஷத்தை எண்ணலாம், அது தெரியும். கண்ணாடிக்குள் எதுவும் கிடையாது, அதனால்தான் அது கண்ணாடி என்று நினைத்திருந்தான். அன்றைக்கு மூன்று தட்டில் தான் உடைத்தது என்ன என்பது இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

விரலால் விளிம்பு முழுக்கத் தடவிப் பார்த்தான். கீழே, பின்மூலையில், அரிசி முனை அளவுக்கு ஒரு சிதறல்.

“மூலையில குறை இருக்கு.”

“இருக்கட்டும். எனக்கும் இடுப்புல இருக்கு.”

ரப்பர் இளகச் சவுனாவின், அந்த நீராவிக் குளியலறையின், அடுப்பை மூட்டினார்கள். வேறெங்கே மூட்ட? ரப்பர் பட்டை பைன் சோப்புத் தண்ணீர் வாளியில் மேல்பலகையில் ஊறியது. கண்ணாடியும் சில்லென்று இருக்கக் கூடாதென்று, கெர்ட்டு அதையும் துண்டு விரித்துக் கீழ்ப்பலகையில் சாய்த்து வைத்திருந்தாள். அவள் சொன்னாளா, இவன் காதில் வாங்கவில்லையா, யாருக்குத் தெரியும். ரப்பரை எடுக்க உள்ளே போன ஆர்வி, அரையிருட்டில், சூடு முகத்தில் பட்டதும், பிறந்ததிலிருந்து செய்த பழக்கத்தில் கரண்டியை எடுத்து அடுப்புக் கற்கள் மேல் ஒரு வீச்சு தண்ணீர் ஊற்றினான்.

புஸ்ஸென்று ஆவி எழுந்தது. கூடவே ‘படார்’ என்று ஒரு வெடிப்பு.

ஆவிக்குள் கண்ணாடியின் ஓரம் மினுக்கியதை அப்போதுதான் பார்த்தான். கரண்டி கையிலிருந்து விழுந்தது. கற்கண்டு கொட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

கெர்ட்டு கதவைத் திறந்தாள். “மடப்பயலே, தண்ணி ஊத்தினியா?”

“கை ஊத்திடுச்சு.”

ஆவி மெல்லக் கலைந்தது. அடுப்பில் ஒரு கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கண்ணாடி பலகையில் சாய்ந்தபடியே, உடம்பெல்லாம் நீர்த்துளி வழிய, நடந்தது எதுவும் தனக்கில்லை என்கிற மாதிரி இருந்தது. கல் போயிற்று, கண்ணாடி நின்றது. இருவரும் அதன் முன்னால் கோயிலில் நிற்பது மாதிரி நின்றார்கள்.

“அடுப்பும் குளிரும் அதுக்குப் புதுசா?” என்றாள் கெர்ட்டு. “அதுல பிறந்ததுதானே.”

“சூடு தாங்கும். இரும்பு தாங்காது” என்றான் ஆர்வி.

கொட்டகையில் சுத்தியலை எடுக்கவே இல்லை. ரப்பர் இப்போது ஈரல் மாதிரி இளகியிருந்தது. சிதறல் இருந்த மூலையில் அதை ஒரு விரல் தள்ளி முன்னே இழுத்து, இரும்பு தொடாதபடி மூடினான். பாத்தியைப் பலகைமேல் வைத்து, கண்ணாடியை அதன்மேல் நிறுத்தி, நடுவில் கம்பளி மடித்து, தன் நெஞ்செலும்பால் அழுத்தினான். தட்டவில்லை. அழுத்திக்கொண்டு காத்திருந்தான். கெர்ட்டு மறுபக்கம் பிடித்திருந்தாள்.

“போகுதா?”

“பேசாதே.”

சோப்பு நுரை விளிம்பு முழுக்கக் கசிந்து வந்தது. கண்ணாடி ஒரு மயிரிழை இறங்கியது. நின்றது. இன்னொரு மயிரிழை. பிறகு தானாகவே, களைத்தவன் நாற்காலியில் உட்கார்கிற மாதிரி, பாத்திக்குள் முழுசாக உட்கார்ந்தது.

கதவுக்குள் சாய்த்து இறக்கி, கம்பளித் தடங்களில் இரண்டு ஓரத்தையும் நுழைத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கும் இரும்புக் கையின் உருளையைப் பாத்தியின் காடியில் கோத்துத் திருகாணி போட மத்தியானம் ஆயிற்று. கதவுத் துளைக்குள் கையை விட்டு விட்டு ஆர்வியின் முழங்கை தோலுரிந்திருந்தது. எழுந்து ஒதுங்கி நின்றான்.

“நீயே சுத்து.”

கெர்ட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். இடது கை பார்க்காமலே கைப்பிடியைக் கண்டுபிடித்தது. சுற்றினாள். கண்ணாடி ஏறியது. ஒரு சத்தமில்லை, ஒரு உரசலில்லை. ஏரியில் தண்ணீர் மட்டம் ஏறுவது மாதிரி ஏறி, மேல்விளிம்பில் போய் அடங்கியது. அதற்குப் பின்னால் அவள் முகம். ஆர்வி மீன்பிடிக் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டான். கொட்டகை வாசலில் விழுந்த வானத்து வெளிச்சத்தில், அவள் முகத்துக்கு முன்னால், அந்த நூறு குழாய்களின் மூச்சும் வரிசையாக நின்றது.

அவள் கண்ணாடியை இறக்கினாள். “என்ன அப்படிப் பாக்குறே?”

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினான். உறை பழுத்திருந்தது. உள்ளே ஆறு நூறு, இரண்டு இருபது. மார்க்கா.

“யூரோ வரதுக்கு முந்தின வருஷமே சேத்து வச்சிட்டேன். கொண்டுவர வெக்கமா இருந்தது. அப்புறம் அது செல்லாமப் போச்சு.”

கெர்ட்டு நோட்டுகளை எண்ணினாள். தபால்காரி எண்ணுகிற மாதிரி, கட்டைவிரலை நனைத்து, ஒவ்வொன்றாக, இரண்டு முறை.

“சரியா இருக்கு” என்றாள். உறையை டாஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டுச் சாத்தினாள். பிறகு கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, சாவியைத் திருகினாள்.