பனியை அரித்த ஞாயிறு

ஞாயிறு விடியற்புறம் மதுரா மகனின் தலையணைக்குக் கீழே மெல்லக் கையை விட்டபோது, அவளுக்கு முன்னமே ஓர் எலி அங்கே வந்துபோயிருந்தது.

மத்தேயோவுக்கு ஆறு வயது. முதல் நாள்தான் கீழ்வரிசையில் அவனுக்கு ஒரு பல் விழுந்திருந்தது. விழுந்த பல்லைத் தலையணைக்குக் கீழே வைத்தால், இரவில் பல்லெலி வந்து அதைத் தூக்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு பரிசை வைத்துவிட்டுப் போகும் என்பது கொலம்பியாப் பிள்ளைகளின் நம்பிக்கை. நோர்வேக்காரரிடம் இந்த வேலைக்கு ஒரு தேவதை இருக்கிறாள். மதுராவின் தகப்பனோ ஊரில் பல்லைக் கூரையில் எறிந்து அணிலிடம் ஒப்படைத்தவர். ஒஸ்லோவின் ரொம்மனில் அடுக்குமாடியின் நாலாம் தளத்தில் இருந்துகொண்டு கூரைக்கு எங்கே போவது? பிள்ளைகள் தங்களோடு கொண்டுவந்த எலியே இருக்கட்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அந்த எலியாகத்தான் மதுரா ஒரு இருபது குரோனர் நாணயக் குற்றியோடு வந்து நின்றாள். வந்து பார்த்தால் பல்லைக் காணவில்லை. பல் இருந்த இடத்தில் ஸ்ட்ரோபெரி வடிவத்தில் ஒரு அழிரப்பர் கிடந்தது.

அது வலெரியாவுடையது. மத்தேயோவின் அக்கா, எட்டு வயதுக்காரி. வகுப்புத் தோழி ஜூலியாவின் பிறந்தநாளில் கிடைத்த அழிரப்பர் அது. அதால் ஒரு எழுத்தைக்கூட அவள் அழித்ததில்லை. வாசம் போய்விடுமென்று சுற்றியிருந்த கடதாசியோடே வைத்திருந்து, மணந்து பார்க்க மட்டும் எடுப்பாள். மதுரா திரும்பிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் வலெரியா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாள். உண்மையாக நித்திரை கொள்கிற பிள்ளைக்கு இமை அப்படித் துடிக்காது.

"அவள் எங்களை நம்பேல்லை, கோபி," என்றாள் மதுரா குசினியில். "நாங்கள் மறந்துபோவம் எண்டு தன்ரை சாமானைத் தூக்கி வைச்சிருக்கிறாள்."

அவளுடைய புருசன் கோபிகன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றான். "தம்பியிலை பாசமப்பா."

"பாசமில்லை எண்டு ஆர் சொன்னது? ஆனா அவள் இன்னும் காவல் காக்கிறாள்."

கோபிகன் ஒரு கோப்பையை அவளிடம் நீட்டினான். மதுரா பார்னஹாகே என்கிற பாலர் பள்ளியில் வருடக்கணக்காகப் பிள்ளை பார்க்கிறவள். பதினெட்டுச் சின்னஞ்சிறுசுகளுக்குப் பனி உடுப்பு மாட்டி, கையுறை போட்டு, அரைமணித்தியாலத்தில் முற்றத்தில் இறக்கிவிடுகிற கெட்டிக்காரி. அப்பேர்ப்பட்டவளுக்குச் சொந்த மகனின் தலையில் ஒரு தொப்பி போட்டுவிடக் கொடுத்துவைக்கவில்லை. அவள் தொப்பியை எடுக்க முன்னமே வலெரியா போட்டுவிட்டிருப்பாள். தம்பி குளிக்கிற தண்ணீரின் சூட்டை முழங்கை வைத்துப் பார்ப்பது வலெரியா. தம்பியின் சொசேஜை வெட்டுவது வலெரியா. அவனிடம் யாராவது பேர் கேட்டால்கூட அவள்தான் சொல்லுவாள். மதுராவும் கோபிகனும் தத்தெடுக்க முன்னர் இரண்டு பேரும் கொலம்பியாவில் ஒரு வளர்ப்பு வீட்டில், நிறையப் பிள்ளைகளுக்கு நடுவே இருந்தவர்கள். அங்கே அவனுக்கென்று அவளை விட்டால் ஆளில்லை. ஒஸ்லோவுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும், இங்கே ஆளிருக்கிறது என்பதை அவள் மட்டும் ஒத்துக்கொள்கிறாள் இல்லை.

போதாக்குறைக்கு அவள் தமிழில் திருத்தமாகப் பிடித்துக்கொண்ட முதற் சொல் 'பரவாயில்லை'. கோபிகன் வாய்க்கு வாய் சொல்வதைக் கேட்டுப் பிடித்தது. சப்பாத்துக் கடிக்கிறதா என்று கேட்டால் பரவாயில்லை. கடைசிக் கேக் துண்டைத் தம்பி எடுத்துவிட்டானா, பரவாயில்லை. வீட்டுக்கு வந்த சனமெல்லாம் கேட்டுக் கேட்டுச் சிரித்து, திரும்பச் சொல்லச் சொல்லி ரசித்தது. மதுராவுக்கு மட்டும் அந்தச் சொல்லைக் கேட்கவே பிடிக்காது. அவளும் ஒருகாலத்தில் மூத்த பிள்ளைதான். அகதியாக வந்த தாய் தகப்பனுக்கு இங்கத்தைய பாஷையான நொஸ்க் தெரியாது. டொக்டரிடம் போனால் ஒன்பது வயது மதுராதான் அம்மாவின் நோவை டொக்டருக்குச் சொல்லி, டொக்டர் சொல்வதை அம்மாவுக்குச் சொல்லுவாள். 'பொறுப்பான பிள்ளை' என்று ஊரே மெச்சியது. உனக்கு எங்கேயும் நோகுதா என்று அவளை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே, இந்தப் பிள்ளை ஒரேயொரு நாள் 'எனக்கு வேணும்' என்று அடம்பிடித்துக் கத்தினால் வைரவருக்கு வடைமாலை சாத்துவதாக அவள் நேர்ந்துவைத்திருந்தாள். கோபிகனுக்கு மட்டும் தெரிந்த நேர்த்தி அது.

மத்தியானம் லில்லெஸ்ட்ரோமிலிருந்து யோகாம்பாள் மாமி ரயிலேறி வந்தார். கோபிகனுக்குத் தகப்பனோடு கூடப்பிறந்தவர், வெறுங்கையோடு வந்து அறியாதவர். மீன்குழம்பு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல் என்று பெட்டி பெட்டியாக இறக்கினார். எல்லாவற்றையும் பெரிய சட்டியில் சோற்றோடு போட்டுக் குழைத்து, பிள்ளைகளை முன்னால் இருத்தி, உருண்டை உருண்டையாகக் கையில் வைத்தார். வலெரியா தன் கைக்கு வந்த முதல் உருண்டையைச் சுடுகிறதா என்று உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, தம்பியின் வாயில் கொடுத்தாள். இரண்டாவதையும் கொடுத்தாள்.

மாமி உருகிப்போனார். "பாரடா கோபி! பெத்த தாய் மாதிரியெல்லே பாக்கிறாள். என்ரை குஞ்சு, நீதானடி இவனுக்கு ரெண்டாந்தாய்!"

"அவனுக்குத் தாய் இருக்கு, மாமி," என்றாள் மதுரா. நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "அவளுக்கும் இருக்கு. அவளைச் சாப்பிடச் சொல்லுங்கோ."

மாமி கையில் உருண்டையோடு முழித்தார். மெச்சினால் ஏன் இவளுக்குக் கோபம் வருகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. வலெரியாவோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை," என்றாள்.

சாப்பாடு அரைகுறையிலேயே முடிந்தது. வீட்டுக்குள் இருந்தால் இன்னும் கதை வளரும் என்று கோபிகன் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு பின்பக்கத்து மேட்டுக்குப் போனான். இரவு முழுக்கக் கொட்டிய பனி காலால் உதைத்தால் பறந்தது. நல்ல குளிர், நல்ல வெயில், மேடு முழுக்கப் பிள்ளைகள். மாமி சேலைக்கு மேலே கோபிகனின் பழைய ஜக்கெட்டைக் கொழுவிக்கொண்டு, போனில் படம் பிடிக்க மேலே நின்றார். கோபிகன் தேங்காய்ச் சொட்டுத் துண்டொன்றை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டே சறுக்குத்தட்டை வைத்தான்.

வழக்கமாக வலெரியாதான் தம்பியை மடிக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு சறுக்குவாள். இன்றைக்கு மத்தேயோ, "அப்பாவோடை!" என்று ஓடிப்போய்க் கோபிகனின் முன்னால் ஏறிவிட்டான். வலெரியா வெறுங்கையோடு நின்றாள். தட்டு வழுக்கத் தொடங்கியதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. "மெல்ல! அவனைப் பிடியுங்கோ!" என்று கத்திக்கொண்டு தட்டோடு தட்டாகப் பள்ளத்தில் ஓடினாள். பாதி வழியில் கால் புதைந்து முகங்குப்புற விழுந்து, இரண்டு புரளல் புரண்டு நின்றாள்.

மதுரா போய்ச் சேர்ந்தபோது பிள்ளை எழுந்து உட்கார்ந்து, கீழே தம்பி பத்திரமாக இறங்குகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் கொஞ்சம் இரத்தம். மேல்வரிசையில் முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லைக் காணவில்லை.

"பல்லு ஆடிக்கொண்டிருந்ததா? ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

வலெரியா உதட்டைத் துடைத்தாள். "சின்னப் பல்லு. பரவாயில்லை. எலி சின்ன ஆக்களிட்டைத்தான் வரும்." அதைத் தமிழும் நொஸ்க்கும் கலந்து, ஒரு மனவருத்தமும் இல்லாமல், கடை எத்தனை மணிக்குப் பூட்டும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

"உனக்கு முந்தி விழுந்த பல்லுகளுக்கு ஆர் வந்தது?"

"ஒருத்தரும் இல்லை. நான் அக்கா."

மதுரா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்திலேயே முழந்தாளில் இருந்து பனியைக் கிளறத் தொடங்கினாள். வெள்ளைக்குள்ளே வெள்ளையைத் தேடுகிற வேலை. விசரென்றால் அதைவிட விசர் இல்லை.

கோபிகன் மூச்சு வாங்க மேலே ஏறிவந்தான். விஷயத்தைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் அவனும் குந்தினான். மாமி ஜக்கெட்டைச் சேலையோடு சேர்த்துச் சொருகிக்கொண்டு இறங்கிவந்தார். ஒரு பிடி பனியை அள்ளி விரலால் நெருடிப் பார்த்தார். "உது நல்ல வறுத்த அரிசிமா மாதிரியெல்லே கிடக்கு. கையாலை கிளறி என்னத்தைக் காணப்போறியள்? அரிதட்டைக் கொண்டந்து அரியுங்கோவன்!"

கோபிகன் ஓடினான். நாலாம் மாடிக்கு ஓடி, புட்டுக்கு மா அரிக்கிற அரிதட்டோடு ஓடிவந்தான். மாமி அள்ளிப் போட, மதுரா அரித்தாள். அரிதட்டில் கப்பியாக மிஞ்சியதைக் கோபிகன் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தான். ஜூலியாவின் தகப்பன் ஆன்ட்ரியாஸ் இதைக் கண்டு பக்கத்தில் வந்து நின்று, இது என்ன கருவி என்று பவ்வியமாகக் கேட்டான். விளங்கப்படுத்தியதும் அவனும் முழந்தாளில் இறங்கினான்.

"கிடைச்சிட்டுது!" என்று கோபிகன் துள்ளினான். எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அவனுடைய வாயிலிருந்து விழுந்த தேங்காய்ச் சொட்டு.

வலெரியா இவ்வளவு நேரமும் தள்ளி நின்று, இந்தப் பெரிய ஆட்களுக்கு என்ன நடந்துவிட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லக் கிட்ட வந்தாள். "அம்மா, போதும். கை சிவந்துபோச்சு. பரவாயில்லை."

"உனக்குப் பரவாயில்லாமல் இருக்கலாம்," என்றாள் மதுரா, நிமிராமல். "எனக்கு அந்தப் பல்லு வேணும்."

வலெரியா திகைத்து நின்றாள். அவளுடைய கன்னம் சிவந்தது.

"அது என்ரை பல்லு," என்றாள்.

"என்ன?"

"அது என்ரை பல்லு! உங்கடை இல்லை! எனக்குத்தான் வேணும்! எனக்கு வேணும்!"

சொல்லிவிட்டு அழுதாள். சும்மா அழுகையில்லை. பனியில் தொப்பென்று இருந்து, காலை அடித்து, மேடு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி, எட்டு வருடத்துக்கும் சேர்த்து அழுதாள். மத்தேயோ வாயைப் பிளந்துகொண்டு, "அக்கா அழுறா!" என்று எல்லோருக்கும் அறிவித்தான். அவன் அப்படியொன்றைக் கண்டதேயில்லை. மதுரா அரிதட்டைப் போட்டுவிட்டுப் பிள்ளையை அள்ளி மடியில் இறுக்கினாள். அவளுக்கும் கண்ணீர் வழிந்தது, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. பிள்ளை கத்தக் கத்த, தாய் சிரிப்பதைப் பார்த்து ஆன்ட்ரியாஸ் குழம்பிப்போனான்.

கோபிகன் குனிந்து மனைவியின் காதுக்குள் கேட்டான். "வடைக்கு உளுந்து ஊறப்போடட்டோ?"

"இரண்டு கிலோ போடும்," என்றாள் அவள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பல்லைக் காணோம். இருட்டினால் தேட முடியாது, நாளைக்கு வருவோம் என்று கோபிகன் சொல்லிப் பார்த்தான். வலெரியா விக்கலுக்கு நடுவே தலையை ஆட்டி மறுத்தாள். "எலி இண்டைக்குத்தான் வரோணும். இந்தப் பனியை வீட்டை கொண்டுபோவம்."

"எவ்வளவை?"

கையை அகல விரித்து அவள் தான் புரண்ட இடத்தை வளைத்துக் காட்டினாள். "எல்லாத்தையும்."

அநியாயமான ஆசைதான். ஒருவரும் மறுக்கவில்லை. தங்களதும் ஆன்ட்ரியாஸினதுமாக இரண்டு சறுக்குத்தட்டிலும் பனியைக் கும்பம் கும்பமாகக் குவித்து, ஆன்ட்ரியாஸ் ஒன்றை இழுக்க, கோபிகன் ஒன்றை இழுக்க, மாமி அரிதட்டைக் குடை மாதிரிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். லிப்டில் ஏறிய ஒரு பெண் ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி நின்றாள்.

குசினியில் ஆட்டிறைச்சி காய்ச்சுகிற பெரிய சட்டி அடுப்பில் ஏறியது. அது நிறையப் பனி, உருகினால் பல் அடியில் தங்கும் என்று. கொள்ளாத பனி குளியல் தொட்டிக்குள் தன் முறைக்குக் காத்துக் கிடந்தது. மத்தியானம் மிஞ்சிய குழையல் சோற்றை மாமி சூடாக்கி, இன்னும் கொஞ்சம் மீன்குழம்பு விட்டுப் பிசைந்தார். இந்த முறை ஒருவரையும் மெச்சவில்லை. உருண்டையை மதுராவின் கையில் வைத்துவிட்டு, வலெரியாவைக் கண்ணால் காட்டினார்.

வலெரியா மதுராவின் மடியில் இருந்தாள். மடிக்கு மிஞ்சிய பிள்ளை, கால் நிலத்தில் முட்டியது. உருண்டையைக் கண்டதும் பழக்கத்தில் அவளுடைய கண் தம்பியைத் தேடியது. மத்தேயோ தகப்பனின் மடியில், இரண்டு கன்னமும் உப்ப, மீன்குழம்பு நாடியில் வழிய, அக்காவை நினையாமல் மென்றுகொண்டிருந்தான். அவனை அவள் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு மதுராவின் பக்கம் முகத்தைத் திருப்பி, பல் போன புது ஓட்டை தெரிய, வாயை ஆவென்று திறந்தாள்.

மதுரா ஊட்டினாள். இரண்டு பருக்கை பிள்ளையின் சட்டையில் விழுந்தது.

சட்டிக்குள் பனி இளகி அமிழ்ந்தது. ஏதோவொன்று அடியில் இறங்கி 'டிக்' என்று தட்டியது. வீதிக்குப் போடுகிற சரளைக்கல்லாக இருக்கலாம், இன்னொரு தேங்காய்ச் சொட்டாகவும் இருக்கலாம். கோபிகன் மதுராவைப் பார்த்தான். மதுரா மெல்லத் தலையை ஆட்டினாள், எழும்பவேண்டாம் என்று. வலெரியா ஒரு பக்கத்துக் கன்னத்தில் வைத்து ஆறுதலாக மென்று விழுங்கிவிட்டு, திரும்பவும் வாயைத் திறந்தாள்.