அறுபதுன்னா ஃபர்ஸ்ட் கிளாஸ்

சக்கரபாணி என்று பெயர் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. "கைடு சார் வூடு எது?" என்று கேட்க வேண்டும். அஞ்சல் வழியில் பி.காம். படிக்கிறவர்கள், மூன்று வருஷப் படிப்பை ஏழு வருஷமாக இழுத்துக்கொண்டு அரியரில் கிடப்பவர்கள், கீழ்பென்னாத்தூரில் உரக்கடையும் நடத்திக்கொண்டு பட்டமும் வாங்க ஆசைப்பட்டவர்கள், எல்லோர் கையிலும் அவர் எழுதிய 'வணிகப் புள்ளியியல்: கணக்கும் தீர்வும்' இருக்கும். பாடப்புத்தகத்தை எவன் பிரித்தான்! மஞ்சள் அட்டை, மட்டமான தாள், முந்நூற்று இருபது கணக்கு. அதை அப்படியே முழுங்கிவிட்டுப் போனால் முப்பத்தைந்து மார்க் நிச்சயம். முப்பத்தைந்துக்கு மேல் வேண்டும் என்று கேட்டு யாரும் அவரிடம் வந்ததில்லை.

வருஷா வருஷம் புதுப் பதிப்பு வரும். புதுசு என்றால் என்ன புதுசு? போன வருஷம் பல்பு தயாரித்த கம்பெனி இந்த வருஷம் பேட்டரி தயாரிக்கும். போன வருஷம் பையில் நாற்பது வெள்ளைப் பந்து, இந்த வருஷம் ஐம்பது. கேள்வித்தாள் எடுக்கிறவர்களும் அதைத்தான் செய்தார்கள், இவரும் அதைத்தான் செய்தார். எண் மாறினால் விடை மாறும், வழி மாறாது. சக்கரபாணி அந்த ஒரு வரியை நம்பிக் குடும்பம் நடத்தினார்.

தருமன் அச்சகத்திலிருந்து ஈர மை வாசனையோடு ப்ரூஃப் வரும். கூடத்தில் பாயை விரித்து அவரும் மனைவி பச்சையம்மாளும் எதிரெதிரே உட்காருவார்கள். அவர் எழுதிய கையெழுத்துப் பிரதியை அவள் சத்தமாகப் படிப்பாள். அவர் அச்சான தாளைப் பார்த்து ஒவ்வொரு எண்ணுக்கும் பென்சிலால் டிக் அடிப்பார். எட்டாவது படித்தவள். "திட்ட விலக்கம் நாலு புள்ளி ரெண்டு அஞ்சு, விடை, அடுத்தது" என்று ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற தினுசில் ஒரே மூச்சில் ஓடுவாள். பதினாறு வருஷத்தில் ஒரு நாள்கூட 'இது இன்னாங்க' என்று கேட்டதில்லை. கேட்காதவளுக்குப் புரியவில்லை என்று இவர் முடிவு கட்டிவிட்டார். புள்ளியியல் படித்த மனிதர் கட்டுகிற முடிவா இது!

அவர்களுக்கு ஒரே பெண், மதிவதனி. ஒன்பதாவது படிக்கும்போது ஒரு காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் விடவில்லை. காலில் அடிபடாமலேயே கன்றிப்போன நீலத் திட்டுகள். உள்ளூரில், திருவண்ணாமலையிலேயே பார்த்த டாக்டர் ரத்தச் சோதனைத் தாளை மடித்து உறையில் போட்டு, "உடனே வேலூருக்குக் கூட்டினு போங்க சார்" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே சக்கரபாணிக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

வேலூரில் ஒரு லேடி டாக்டர். நல்ல பொறுமைசாலி. ரத்தத்தில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டு, மருந்து இருக்கிறது, இரண்டு வருஷம் விடாமல் கொடுக்க வேண்டும் என்றார். "பொழைச்சிப்பாளா டாக்டரம்மா?" என்று பச்சையம்மாள் நேராகக் கேட்டாள். எந்த அம்மாதான் கேட்க மாட்டாள்?

"இந்த வியாதியில நூத்துக்கு அறுபது புள்ளைங்க நல்லாயிடறாங்கம்மா."

சக்கரபாணி மேஜைமேல் தாள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது என்ற எண் காதில் விழுந்த நிமிஷமே, கூப்பிடாமலேயே, நாற்பது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் ஈறு கட்டை மாதிரி ஆகிவிடுமே, அப்படி ஆகிவிட்டது அவருக்கு. பயம் இல்லை, அழுகை இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்ததை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். எழுந்து நின்றார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் பச்சையம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்க, அறுபதுன்னா ஃபர்ஸ்ட் கிளாஸ் தானேங்க?"

ஐயோ, இதற்கு என்ன சொல்வது? அந்த வீட்டில் எண் என்றாலே மார்க்தான். முப்பத்தைந்து பாஸ், ஐம்பது செகண்ட் கிளாஸ், அறுபது ஃபர்ஸ்ட் கிளாஸ். பாஸான பையன்கள் சாக்லேட்டோடு வந்து நிற்கும்போதெல்லாம் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். அறுபது வாங்கியவனுக்குத் தனியாக ஒரு டம்ளர் பால் உண்டு. சக்கரபாணி வாயைத் திறந்தார். அறுபது மார்க் வாங்கினவன் முழுசாகப் பாஸாகிறான், பச்சை. இது அப்படி இல்லை, இதில் நூறு பேரை நிற்க வைத்து நாற்பது பேரை எடுத்துவிடுவார்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் நினைத்தார்.

"ஆமா," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பாயசம் வைத்தாள். பக்கத்து வீட்டு ஜோதியம்மாளைக் கூப்பிட்டு, "எங்க மதிக்கு ஃபர்ஸ்ட் கிளாஸாம் அக்கா, டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க" என்று ஒரு டம்ளர் கொடுத்தாள். சக்கரபாணியும் குடித்தார். முந்திரி இருந்தது. இனிப்பு கொஞ்சம் ஜாஸ்தி.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எப்படிப் போனது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வேலூர் பஸ். மதிக்கு முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணானது, திரும்ப முளைத்த முடி சுருட்டையாக வந்தது. நடுநடுவே கைடு வந்தது. மாடியில் அரியர் பையன்களுக்கு வகுப்பு நடந்தது. "நிகழ்தகவு கூட்டத்தைப் பத்திதான் பேசும்பா. தனி ஆளு யாருன்னு அதுக்குத் தெரியாது" என்று கரும்பலகையைத் தட்டிச் சொல்வார். அவர் வருஷா வருஷம் சொல்கிற வரிதான் அது. சொல்லும்போது நாக்கு அசைந்தது, அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் போனார், கருமாதிக்குப் போனார், எங்கேயும் ஒரே முகம். "கைடு சார் பாறாங்கல்லுப்பா" என்று தருமன் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கல்லாக இருந்தாலாவது வெயிலில் சுடுமே என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு பக்கம் பச்சையம்மாள் சலிக்காமல் ஓடினாள். கஞ்சி வைத்தாள், கதை சொன்னாள், மதியின் மொட்டைத் தலைக்கு விதவிதமாகத் துணி கட்டிவிட்டாள். 'பாவம், ஒண்ணும் தெரியாதவள், அதனால் ஓட முடிகிறது' என்று இவர் நினைத்தார். சில சமயம் அவள்மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

இரண்டாயிரத்தில், மருந்து முடிந்து நாலாவது மாசம், அது திரும்ப வந்துவிட்டது.

அதே அறை, அதே டாக்டர், அதே கண்ணாடிக் குண்டு. "இந்த வாட்டி மருந்து ரொம்பக் கடுமையா இருக்கும். அவ உடம்பு தாங்கணும். திரும்பி வந்துட்டா நூத்துக்கு முப்பத்தஞ்சு பேர்தான் தேர்றாங்க. வேணாம், வூட்லயே வெச்சிப் பாத்துக்கறோம்னு கூட்டினு போறவங்களும் இருக்காங்க. அதையும் தப்புனு நான் சொல்ல மாட்டேன். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணி திங்கக்கிழமை வாங்க."

வராந்தாவில் பச்சையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "முப்பத்தஞ்சுன்னா பாஸ் மார்க்குதானேங்க. பாஸுன்னா பாஸ்தான்" என்றாள்.

"ஆமா," என்றார் சக்கரபாணி, இரண்டாம் தடவையாக.

அன்றைக்குப் பௌர்ணமி. பஸ்ஸை ஊருக்குள் விடாமல் போளூர் ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலம் போகிற கூட்டத்தில் மதியை நடுவில் விட்டு இருவரும் நடத்திக் கூட்டி வந்தார்கள்.

"அப்பா, மறுபடியும் முடி கொட்டுமா?"

"கொட்டும்."

"ம்," என்றாள் மதி. கொஞ்ச தூரம் போய், "இப்பதான் பின்னல் போடற அளவுக்கு வந்துச்சு" என்றாள். அதற்கும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிரே வருகிறவர்களைத் தள்ளி வழி பண்ணிக்கொண்டு நடந்தார்.

வெள்ளி போச்சு, சனி போச்சு. முடிவு எடுக்க வேண்டியவர் அவர்தான். இவளிடம் என்ன பேசுவது? பாஸ் மார்க் என்று நம்பிக்கொண்டிருக்கிறவளிடம், 'அறுபத்தைந்து பேர் போய்விடுவார்கள், அதற்காக இந்தக் குழந்தையை மறுபடி ஊசியால் குத்த வேண்டுமா' என்று எப்படிக் கேட்பது? கேட்காமல் வேலூர் கூட்டிப் போனால் அவளை ஏமாற்றியதாகும். கேட்காமல் வீட்டில் வைத்துக்கொண்டால், பாஸான பிள்ளையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பாள். முந்நூற்று இருபது கணக்குக்குத் தீர்வு எழுதிய மனிதர் இதற்கு ஒரு வரி எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பச்சையம்மாளே பாயை விரித்தாள். "வாங்க, தருமண்ணன் ரெண்டு தரம் ஆள் உட்டாரு. ப்ரூஃபைப் பாத்துக் குடுத்துடலாம்." உள்ளே மதி தூங்கிக்கொண்டிருந்தாள். புதுப் பதிப்புக்கான கணக்குகளை அவர் போன மாசம்தான் எழுதிக் கொடுத்திருந்தார், வேலூரில் சோதனை மேல் சோதனையாக நடந்துகொண்டிருந்த நாட்களில், 'திரும்பி வந்துட்டா முப்பத்தஞ்சு' என்று வார்டு நர்ஸ் முன்கூட்டியே வாய்விட்டுவிட்ட அந்த வாரத்தில். என்ன எழுதினோம் என்றுகூட அவருக்கு ஞாபகம் இல்லை.

அவள் படித்தாள், அவர் டிக் அடித்தார். கூட்டுச் சராசரி, இடைநிலை, ஒட்டுறவு எல்லாம் ஓடியது. நிகழ்தகவு வந்தது.

"கணக்கு இருநூத்திப் பன்னெண்டு. ஒரு பையில் நூறு பந்துகள் உள்ளன. முப்பத்தஞ்சு வெள்ளை, அறுபத்தஞ்சு கருப்பு. ஒரு பந்து எடுக்கப்படுகிறது. அது வெள்ளையாக இருப்பதற்கான நிகழ்தகவு யாது? விடை, பூஜ்யம் புள்ளி ஆறு அஞ்சு."

டிக் அடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தார். அடுத்தது வரவில்லை.

"ஏங்க, இது தப்புங்க."

"அச்சுல சரியாத்தானே இருக்குது. பூஜ்யம் புள்ளி ஆறு அஞ்சு."

"அச்சு சரிதான். நீங்க எழுதினதுதான் தப்பு. வெள்ளப் பந்து முப்பத்தஞ்சுதானே இருக்குது? கருப்ப எண்ணிட்டு வெள்ளைனு எழுதி வெச்சிருக்கீங்க."

தாளை வாங்கிப் பார்த்தார். அவர் கையெழுத்தேதான். அறுபத்தைந்தின் கீழ் நூறு, அதற்கு அடியில் இரண்டு கோடு வேறு. பதினாறு பதிப்பில் ஒரு விடை தப்பியதில்லை என்று அட்டையிலேயே போட்டுக்கொள்கிறவர்.

"பச்ச, உனக்கு இது புரியுமா?"

"வருஷத்துக்கு முப்பது பைனு பதினாறு வருஷமா நான்தானே படிச்சினு இருக்கேன். மாடியில நீங்க கத்தறது வேற சமையக்கட்டு வரைக்கும் கேக்குது. மரமண்டைக்கும் ஏறிடும்."

"அப்போ அன்னிக்கு அறுபதுன்னு சொன்னது..."

"நூறு புள்ளைங்கள்ல நாப்பது புள்ளைங்க போயிடும்னு அர்த்தம். டாக்டரம்மா சொல்லும்போதே தெரியும்."

"ஃபர்ஸ்ட் கிளாஸ்னியே. பாயசம் வெச்சியே பச்ச!"

"உங்க மூஞ்சியப் பாத்தேன். உசுரே இல்ல. நானும் ஒடிஞ்சி உக்காந்துட்டா கொழந்தைக்கு யாரு சோறு போடறது? ஏதோ ஒண்ணச் சொன்னேன். நீங்க ஆமானு சொன்னதும், சரி, மனுசன் கொஞ்சம் தேறிட்டாருனு நெனச்சேன்." அவள் குரல் உடைந்தது. "பாயசத்தைக் கிண்டும்போது அடுப்புகிட்ட அழுதேன். ஜோதி அக்கா கேட்டாங்க, பொகைனு சொல்லிட்டேன்."

நீ நம்பிக்கொண்டிருக்கிறாய் என்றுதான் நானும் ஆமாம் போட்டேன் என்று அவர் சொன்னார். அவள் தலையாட்டினாள். இரண்டு வருஷமும் ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பந்து மறைத்து விளையாடியிருக்கிறார்கள்.

"நாளைக்கு இன்னா சொல்றது?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை அவளிடம் கேட்க முடியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "முப்பத்தஞ்சுதான் பச்ச. ரொம்பக் கம்மி."

"கம்மிதான். ஆனா பையில வெள்ள இருக்குதில்ல? ஒண்ணு ரெண்டு இல்ல, முப்பத்தஞ்சு இருக்குது. கையே உடாம வந்துட்டா எத்தினி இருந்து இன்னா புண்ணியம்? நேத்து மதியைக் கேட்டேன். போலாம்மா, பின்னல அவுத்துட்டுப் போலாம்னு சொல்லிட்டா. கைய உட்டுப் பாத்துடலாங்க."

"கருப்பு வந்துட்டா?"

"வந்தா அழுவோம். இந்த வாட்டி ரெண்டு பேரும் சேந்து அழுவோம். பாயசமெல்லாம் வேணாம்."

சக்கரபாணி பேனாவை எடுத்து அறுபத்தைந்தை அடித்தார். மேலே முப்பத்தைந்து என்று எழுதித் தாளை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். மரத்துப்போன ஈறில் ஊசியின் வேகம் இறங்கினால் முதலில் லேசாகத் தினவெடுக்கும், பிறகுதான் வலி வரும். அவருக்குக் கண்ணில் ஆரம்பித்தது.

"திருத்திட்டீங்களா?"

"ம்."

"கணக்கு இருநூத்திப் பதிமூணு," என்று அவள் படிக்கத் தொடங்கினாள். "ஒரு தொழிற்சாலையில்..."

"கொஞ்சம் இரு பச்ச," என்றார். "எழுத்து தெரியல."

அவள் தாளைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.