வலி மாத்திரை

டப்பாவைத் திறந்ததுமே அந்த வாடை மூக்கில் ஏறியது. பி காம்ப்ளெக்ஸ். மேலே ஒட்டியிருந்த சீட்டில் மார்ஃபின் என்று இருந்தது, அப்பாவின் பெயரும் இருந்தது. அம்மா தினமும் போடும் சத்து மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் அதேதான்.

அப்பா இருதயராஜ் காஞ்சன்பாக் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணையத்தில் புற்று, முதுகெலும்பு வரை போய்விட்டது. இனி வெட்டவும் வேண்டாம், கரண்ட் வைக்கவும் வேண்டாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அதற்கென்றே பாலியேட்டிவ் கேர் என்று ஒன்று இருக்கிறது, வீட்டுக்கே நர்ஸ் வருவார்கள் என்றார் டாக்டர். எனக்கு அப்பாடா என்றிருந்தது. வீட்டில் மற்றவர்களுக்கோ சவப்பெட்டிக்கு அளவெடுக்க ஆள் வருகிற மாதிரி இருந்தது. அப்பாவிடம் அல்சர் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். நர்ஸ் வந்தால் எங்கள் திருமுல்கேரி ஏரியா முழுக்கத் தெரிந்துவிடும், அப்புறம் அப்பாவுக்கும் தெரிந்துவிடும் என்று அண்ணன் ஜேம்ஸ் தடுத்துவிட்டான். மாத்திரையை மட்டும் தானே வாங்கி வருவதாகச் சொன்னான்.

அவன் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து கம்பெனியில் தரம் பார்க்கிற அதிகாரி. லேபிளில் எழுதியிருக்கிற சரக்கு மாத்திரைக்குள் துளி குறைந்தால்கூட மொத்த லாட்டையும் குப்பைக்கு அனுப்புவதுதான் அவன் வேலை. அமெரிக்காக்காரன் வயிற்றுக்குள் போகிற மாத்திரைக்கு அத்தனை கண். பெற்ற அப்பனுக்கு இந்த டப்பா.

எங்கள் ஐ.டி. கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்த சமயம் அது. லீவு என்று வாயைத் திறக்கவே பயம். பகலெல்லாம் அப்பாவின் பக்கத்தில் இருந்தது அம்மாவும் அம்மாவின் ஜெபக்கூட்டமும்தான். அப்பாவின் தலைமாட்டில் நின்று, வலியை ஆண்டவருடைய பாடுகளோடு ஒப்புக்கொடுங்கள் பிரதர் என்பார்கள். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஆமென் சொல்வார். அவர்கள் காப்பி குடித்துவிட்டு, கை காலில் ஒரு குறையுமில்லாமல் நடந்து போவார்கள். அந்த டம்ளர்களைக் கழுவும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜேம்ஸ் வந்ததும் டப்பாவை அவன் முன்னால் கவிழ்த்தேன்.

"மார்ஃபின் போதை மருந்து, ஸ்டெல்லா. பழகிட்டா விடாது. அதைக் குடுத்தா நாமளே அவரை முடிச்சு வச்ச மாதிரி."

"பழகி என்னடா ஆகப்போகுது அவருக்கு?"

அண்ணனை நான் டா போட்டது அதுதான் முதல் தடவை. சமையலறையிலிருந்து ஓடி வந்த அம்மா, நக்கோ, வேண்டாம் ஸ்டெல்லா, கத்தாதே, அவருக்குக் கேட்கும் என்று என் வாயைப் பொத்த வந்தாள். அவளுக்கும் இது தெரிந்திருந்தது. தன் அட்டையில் மாத்திரை குறைவது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? என்ன வீடு இது என்று கத்தினேன். அப்பா ராத்திரியில் தலையணையைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டே எப்படி உங்களுக்குச் சோறு இறங்குகிறது என்று கேட்டேன்.

உள்ளே இருந்து அப்பா கூப்பிட்டார். மூன்று பேரும் போய் நின்றோம். முகமெல்லாம் வேர்வை. ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"அவனைத் திட்டாத பாப்பா. அது சத்து மாத்திரைன்னு மொத நாளே தெரியும். உங்கம்மா போடுறதுதானே. அல்சர் இல்லைங்கிறதும் தெரியும். என்னைக் காப்பாத்துறதா நெனச்சுக்கிட்டிருக்கான். கேட்டா ஒடஞ்சிருவான்னு இருந்தேன்."

எனக்கு அப்பாவின் மேலும் கோபம் பொங்கியது. என்ன மனுஷர் இவர்? மகன் மனம் நோகக்கூடாதாம், அதற்காக முதுகுக்குள் இத்தனை வேதனையை வைத்துக்கொண்டு, தினமும் தண்ணீர் ஊற்றி அந்தப் பொய்யை விழுங்கியிருக்கிறார். நான் மாத்திரை போட்டீங்களா என்று கேட்டபோதெல்லாம் தலையாட்டியிருக்கிறார்.

ஜேம்ஸின் முகம் கோணிப்போயிருந்தது. நிஜ மாத்திரை எங்கே என்று கேட்டேன். போய் ஆபீஸ் பையைத் திறந்து ஒரு காகித உறையை எடுத்து வந்தான். தூக்கி எறியவும் அவனுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. உறை பிரிக்கப்படாமலே இருந்தது.

"ஜேம்ஸ்," என்றார் அப்பா. "என்னால முடியலப்பா."

இத்தனை மாதத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நாங்கள் கேட்டதில்லை. அம்மா சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். ஜேம்ஸ் உறையைப் பிரிக்கப் பார்த்தான், ஓரம் கிழியவில்லை. நான் பிடுங்கியிருப்பேன். அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. கட்டில் சட்டத்திலிருந்து வலது கையை மெல்ல விடுவித்து, நற்கருணை வாங்குவதற்கு நீட்டுவதுபோல உள்ளங்கையை விரித்து அவன் முன்னால் நீட்டினார்.