தார் டிரம்மில் நனைத்த சட்டைகள்

போன வருடம் கூடலூர் வாலிபால் போட்டியில், பந்தைத் தொடுவதற்கு முன்பே நடுவர் தேயிலை எஸ்டேட் அணியை வெளியே அனுப்பிவிட்டார். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சட்டை, முன்னும் பின்னும் நம்பர் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. இவர்கள் ஒன்பது பேரில் மூன்று பேர் பனியனோடும் ஒருவன் ஃபாக்டரி காக்கிச் சட்டையோடும் போய் நின்றார்கள். ஓவேலியிலிருந்து ஜீப் பிடித்துப் போனவர்கள் பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

அதனால் தொண்ணூற்றாறாம் வருடப் போட்டிக்கு சில்வஸ்டர் முன்கூட்டியே ஏற்பாடு செய்தான். அவன் ஃபாக்டரியில் ஃபிட்டர். அவனுடைய அக்கா வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே கழித்துப் போட்ட வெள்ளை டீ-ஷர்ட்டுகளில் ஒன்பதை ஒரு பையில் திணித்துக் கொண்டுவந்தான். ஒன்றில் காலர் கோணல். ஒன்றில் ஒரு கை அரை அங்குலம் நீளம். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. நிறமும் நம்பரும்தான் பாக்கி.

"வீட்டுல இருக்கறத வெச்சே நான் போட்டுத் தாரேன்" என்றாள் பாலாமணி.

பாலாமணிக்கு இருபத்துமூன்று வயது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் தங்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை. அங்கே ஒருநாள் குழந்தைகள் டீயைக் கொட்டிய துணியின்மேல் துருப்பிடித்த பால் டின் மூடி ஒன்று ஈரத்தோடு கிடந்தது. மறுநாள் எடுத்துப் பார்த்தால், பழுப்புக் கறைக்கு நடுவே மூடி அளவுக்கு ஒரு கறுப்பு வளையம். எந்த சோப்புக்கும் அது போகவில்லை. இப்படிப் போகாத கறையைத்தான் கடைக்காரர்கள் சாயம் என்று விற்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு தலையணை உறைகளில் இலையும் கிளியுமாகப் போட்டுப் பழகியிருந்தாள்.

டீ-ஷர்ட்டுக்கும் அதே வழிதான். மாதாமாதம் எஸ்டேட்டில் கொடுக்கும் டீத்தூள் வீட்டில் மிச்சம் இருந்தது. அதை அலுமினிய அண்டாவில் கொதிக்கவைத்துச் சட்டையைப் போட்டு எடுத்தால் நல்ல பழுப்பு. பழைய ஆணிகளைப் புளித்த கஞ்சியில் ஒரு வாரம் ஊறவைத்த தண்ணீரில் மைதா மாவைக் கரைத்துக் காய்ச்சினால் கறுப்புக்குப் பசை. நம்பருக்கு அச்சு வேண்டும். அப்பா அழகர்சாமிக்கு முன்பு இருமல் வந்தபோது எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே பெட்டிக்கடியில் கிடந்தது. அதில் பிளேடால் எண்களை வெட்டினாள்.

"என் நுரையீரலை வெட்டித்தான் பந்தடிக்கணுமா?" என்று அழகர்சாமி கேட்டார். ஆனால் தடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் சட்டை முடிந்தது. பழுப்பில் கறுப்பாக ஒன்றாம் நம்பர். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்தில் ஆளாளுக்கு வந்து தடவிப் பார்த்தார்கள். சாயங்காலம் இசக்கிமுத்து வந்து, தடவாமல் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான்.

"நல்லா இருக்கு" என்றான்.

இசக்கிமுத்து அணியின் கேப்டன். ஃபாக்டரியில் கொழுந்தைக் காயவைக்கும் டிரையரில் வேலை. வயது இருபத்தேழு. சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் அவனுடையது. வந்த நாலாம் வருடம் அப்பா தவறிப்போனார், பிறகு அம்மா. கூடப் பிறந்தவர்கள் இல்லை. மேல் லயத்தில் சில்வஸ்டரோடு ஒரு அறையில் இருந்தான். சட்டை வேலை ஆரம்பித்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் வந்து விறகு பிளந்தான், தண்ணீர் தூக்கினான், ஆணி தேடிக் கொடுத்தான். சொல்லவேண்டியதை மட்டும் சொல்லவில்லை. அவன் எதற்காக வருகிறான் என்று பாலாமணிக்குத் தெரியும். அவள் எதற்காக மீதி எட்டு சட்டைகளை மெதுவாகப் போடுகிறாள் என்று அவனுக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

மெதுவாகப் போட இனி நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பந்தலூரிலிருந்து பாலாமணியைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"இசக்கிமுத்து இருக்காரேப்பா" என்று அவள் திங்கட்கிழமையே அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். அதைச் சொல்வதற்குள் அவள் காது இரண்டும் சூடாகிவிட்டது.

அழகர்சாமி யோசித்துத்தான் பதில் சொன்னார். "பையன் தங்கமான பையன். நான் இல்லேங்கல. ஆனா கேக்கறதுக்கே அவனுக்கு ஆள் இல்லையே புள்ள. நாளைக்கு உங்களுக்குள்ள ஒரு பிரச்சினைன்னா நான் யார்கிட்டப் போய்ப் பேசறது? ஒரு சாவு வாழ்வுன்னா யார் வந்து நிப்பா? பந்தலூர்க்காரங்க வீட்டுல அண்ணன் தம்பியே ஆறு பேரு."

"அவரு வந்து கேட்டா?"

"வரட்டும். வந்தாப் பார்ப்போம்."

அந்த 'வரட்டும்' ஒன்றைத்தான் பாலாமணி பிடித்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை பிள்ளைக் காம்பராவில் தடுப்பூசி நாள். காலையிலேயே போய்விட்டாள். அண்டா சின்னது, இரண்டு சட்டைக்கு மேல் கொள்ளாது. சாயங்காலம் வந்து இரண்டிரண்டாகக் கொதிக்கவைக்கலாம் என்று எட்டையும் தண்ணீரில் நனைத்து வைத்திருந்தாள். டீத்தூள் பொட்டலம் பக்கத்திலேயே இருந்தது.

காலை ஷிப்ட் முடிந்து வந்த இசக்கிமுத்து இதைப் பார்த்தான். இரண்டிரண்டாகப் போட்டால் அவள் இருட்டும்வரை அடுப்பு முன்னால் நிற்கவேண்டும் என்று கணக்குப் போட்டான். லயத்துக்குப் பின்னால் குளிக்க வெந்நீர் போடுகிற டிரம் இருந்தது. ரோடு போட்டபோது மிஞ்சிய தார் டிரம்மைப் பாதியாக வெட்டிக் கல் கூட்டி வைத்தது. அந்தக் குளிருக்கு எல்லா லயத்திலும் இப்படி ஒன்று உண்டு. தார் எல்லாம் எப்போதோ எரிந்துபோய், உள்ளே வெறும் துரு. அதில் தண்ணீர் நிரப்பி, பொட்டலம் முழுவதையும் கொட்டி, எட்டு சட்டைகளையும் ஒரே தடவையில் போட்டுக் கிளறினான்.

இரும்பும் டீயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் பாலாமணி ஒரு வாரமாக அவன் கண்ணெதிரே செய்துகொண்டிருந்தாள். டிரம்மும் இரும்பு என்பது அவன் புத்தியில் ஏறவில்லை. கம்பால் தூக்கிப் பார்த்தபோது எட்டும் ஒரே சாம்பல் நிறம், ஆனை நனைந்துவிட்டு வந்ததுபோல.

பாலாமணி வந்தபோது சட்டைகள் கொடியில் தொங்கின. அவன் இல்லை.

"எத்தனை தடவ அலசினான் தெரியுமா? நான் வேணாம் விடுன்னேன். மூஞ்சியப் பாக்க முடியல. அப்பிடியே ஏறிப் போயிட்டான்" என்றாள் அம்மா ராக்கம்மா. அவள் கொஞ்சம் முன்பே மலையிலிருந்து இறங்கியிருந்தாள். சோறு வடிக்கும் முன் விரல்களில் கறுத்துக் கிடந்த கொழுந்துக் கறையை, பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சாம்பல் நிறத்தில் கறுப்பு நம்பர் போட்டால் பத்தடிக்கு அப்பால் தெரியாது. பாலாமணி கொடியின் கீழே நின்று அம்மாவின் விரல்களையே பார்த்தாள். கறை வெளுத்து நகக்கண் தெரிய ஆரம்பித்திருந்தது.

அந்தத் தோலை வாங்கி ஒரு சட்டையின் கீழ்மடிப்பில் தேய்த்தாள். தேய்த்த இடம் மெதுவாக வெளுத்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் மேல் லயத்துக்கு ஏறினாள். சில்வஸ்டர் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தான்.

"கேப்டன் உள்ள ஒளிஞ்சிருக்காரு. இழுத்துட்டு வரவா?"

இசக்கிமுத்து தானே வந்தான். சோப்புப் போட்டுத் துவைத்ததில் கை இரண்டும் சிவந்திருந்தது.

"ஒரு கட்டி சோப்பு கரைஞ்சது. போகல, பாலா."

"போகாது."

"நீ அடுப்புல நிக்கவேணாமேன்னு பாத்தேன்."

"தெரியும். செஞ்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. செஞ்சிட்டு எதுக்கு ஓடி வந்தீங்க?"

அவன் சிவந்த கைகளைச் சட்டையில் துடைத்தான்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குப் பந்தலூர்லேர்ந்து வாராங்க."

"சில்வஸ்டர் சொன்னான்."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க?"

"கேக்கணும்னா பெரியவங்க நாலு பேரு தட்டோட வரணும். எனக்கு யாரு இருக்கா? ஒத்தையா வந்து உங்கப்பா முன்னால நின்னா, அவருக்கு என்னா மரியாத? உனக்குத்தான் என்னா மரியாத?"

"எங்கப்பா வரட்டும்னு சொல்லியிருக்காரு. வர்றதும் வராததும் உங்க இஷ்டம். வரலேன்னா நான் பந்தலூர்க்காரங்களுக்குக் காப்பி கொடுக்கணும். அப்புறம் சரின்னு சொல்லிருவேன், ஆமா." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இப்ப கீழ சேட்டன் கடைக்குப் போய் முப்பது எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க. சட்டைக்கு வழி இருக்கு."

"எலுமிச்சம்பழமா?"

"வாங்கிட்டு வாங்கன்னேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சில்வஸ்டரும் சேர்ந்து மூவருமாக உட்கார்ந்து பிழிந்தார்கள். சாற்றில் மைதாவைக் காய்ச்சி, எக்ஸ்ரே அச்சை வைத்து, பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் தட்டித் தட்டித் தடவினாள் பாலாமணி. பத்து நிமிடத்தில் பசைக்கு அடியில் சாம்பல் கலைந்தது. அலசியதும் மோர் நிறத்தில் நம்பர் பளிச்சென்று நின்றது. கறுப்பில் போட்டதைவிட நன்றாகவே இருந்தது, ஆனால் அதை அவள் சொல்லவில்லை. பழுப்பாக இருந்த ஒன்றாம் நம்பர் சட்டையையும் டிரம்மில் முக்கி, அதன் கறுப்பு நம்பரையும் அதே பசையால் வெளுக்கவைத்து மற்றவற்றோடு சேர்த்தாள்.

"கொம்பன் ஆனை ரோட்டுல நின்னு பாத்தா, நம்ம பங்காளிங்க ஒம்போது பேரு போறாங்கன்னு கூடவே வந்துரும்" என்றான் சில்வஸ்டர்.

இசக்கிமுத்து சிரிக்கவில்லை. கையில் வெட்டுப்பட்ட இடத்தில் எலுமிச்சை எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சட்டையாக அடுப்புக்கு மேல் கயிற்றில் போட்டுவிட்டு, போகும்போது ராக்கம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப் புறப்பட்டுப் போனது. பாலாமணி போகவில்லை. வீட்டைத் துடைத்தாள். ராக்கம்மா கேசரிக்கு ரவை வறுத்தாள். ஒரு மணிக்கு மழை பிடித்தது. இரண்டரைக்கு நீலப் புடவையைக் கட்டிக்கொண்டாள். அப்பா கட்டச்சொன்னது அதைத்தான். மூன்று மணிக்கு மழை விட்டபோது, போட்டி முடிந்திருக்கும், இனி வந்தால்தான் உண்டு என்று நினைத்தாள். மூன்றேகாலுக்கு அதையும் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

சேற்றில் செருப்புகள் ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது. அழகர்சாமி வாசலுக்குப் போனார்.

ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். மழையில் நனைந்து, முழங்கால்வரை சேறு. சாம்பல் நிறச் சட்டைகள் உடம்போடு ஒட்டிக்கிடந்தன. நம்பர்கள் அழியவில்லை. முன்னால் ஒன்றாம் நம்பரில் சில்வஸ்டர். கையில் புத்தம்புதுத் தட்டு, அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், பூ.

"ஜெயிச்சீங்களா?" என்று கேட்டார் அழகர்சாமி. வேறு எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஸ்ரீமதுரை டீம்காரங்க அடிச்சிட்டாங்க மாமா. மூணாவது பரிசுக்கு இந்தத் தட்டைக் குடுத்தாங்க. தட்டு கெடைச்சிருச்சேன்னு வர்ற வழியில மத்ததையும் வாங்கிட்டோம்." சில்வஸ்டர் தட்டை முன்னால் நீட்டினான். "இசக்கிமுத்துவுக்குப் பொண்ணு கேட்டு வந்திருக்கோம். எங்கள்ல பெரியவன் நான்தான். முப்பத்தொண்ணு. கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருக்கு, ஊர்ல."

அழகர்சாமி ஒன்பது பேரையும் வரிசையாகப் பார்த்தார்.

"பொண்ணக் குடுத்துட்டு, நாளைக்கு ஒரு பேச்சுன்னா நான் எவன்கிட்ட வர்றது?"

"எவன்கிட்ட வேணாலும் வாங்க. எல்லாரும் இந்த எஸ்டேட்லதான் கெடக்கோம். பேரு மறந்தா நம்பரச் சொல்லிக் கூப்பிடுங்க."

பின்னால் யாரோ சிரித்து அடக்கினார்கள். அழகர்சாமி சிரிக்கவில்லை. "நீ பேசுடா" என்றார் இசக்கிமுத்துவைப் பார்த்து.

இசக்கிமுத்து ஒரு எட்டு முன்னால் வந்தான். "எனக்குன்னு யாரும் இல்ல மாமா. அதனாலதான் இத்தனை நாளா வரல. அது தப்புதான், நான் முந்தியே வந்திருக்கணும். பாலாமணியக் கட்டிக்குடுங்க. நான் நல்லா வெச்சுக்குவேன்."

அவன் அதற்குமேல் பேச மாட்டான் என்று தெரிந்ததும் அழகர்சாமி திரும்பினார். பாலாமணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னா புள்ள?"

"எனக்குச் சம்மதம்ப்பா."

"ராக்கு, எல்லாருக்கும் டீயப் போடு" என்றார். பிறகு உள்ளே போய் வேட்டியை மாற்றிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு வந்தார். பந்தலூர்க்காரர்கள் இறங்கும் பஸ் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவர்களை மலையேறி வரவைத்துவிட்டுச் சொல்வது நியாயமில்லை என்றார். பஸ் ஸ்டாப்பிலேயே பார்த்து, கையைப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்றார்.

வாசலில் நின்று கொஞ்சம் தயங்கினார்.

"அவங்க ஏழெட்டுப் பேரு வருவாங்க. நான் ஒத்த ஆளாப் போய் நின்னு எப்பிடிச் சொல்றது? உங்கள்ல ரெண்டு பேரு கூட வாங்கப்பா."

இசக்கிமுத்து சட்டென்று செருப்பை மாட்டினான்.

"நீ இல்லடா" என்றார் அழகர்சாமி. "நீ உள்ள போய் உக்காரு."